லென்ஸின் இடம்: கண் அறுவை மருத்துவம் கடந்து வந்த பாதை

உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளுள், கண்ணின் லென்ஸ் மங்கிப்போகும் நோயான கண்புரைக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சையும் ஒன்று. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு, நோயாளி அன்றே வீடு திரும்பிவிடுகிறார். இதே நோய்க்காக மருத்துவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதக் கண்ணுக்குள் ஊசியைச் செலுத்தியிருக்கிறார்கள் என்பதும், அவர்களில் சிலருக்குக் கணிசமான வெற்றி கிடைத்தது என்பதும் பலர் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது, அந்த நீண்ட காலத்தில் பெரும்பாலான மருத்துவர்கள், தங்கள் ஊசி தொட்டது எதை என்று தெரியாமலேயே அந்தச் சிகிச்சையைச் செய்து வந்தார்கள் என்பதுதான். கண் மருத்துவத்தின் வரலாற்றைக் கருவிகளின் வரிசையாகவும் மேதைகளின் வரிசையாகவும் சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் என்ற சிறு உறுப்பைப் பற்றிய எண்ணம் படிப்படியாக மாறியதே அந்த வரலாற்றின் முதுகெலும்பு என்பேன்.

மிகப் பழைய சான்றுகள் சட்டத்திலிருந்தும் மருந்துக் குறிப்புகளிலிருந்தும் கிடைக்கின்றன. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாபிலோனிய மன்னர் ஹமுராபியின் சட்டத்தொகுப்பு, வெண்கலக் கத்தியால் கண்ணருகே கீறி ஒருவரின் கண்ணைக் காப்பாற்றும் மருத்துவருக்குப் பத்து ஷெக்கல் வெள்ளியைக் கட்டணமாக நிர்ணயித்தது. சிகிச்சை பெற்றவர் உயர்குடியினராக இருந்து அவர் கண் பறிபோனால் மருத்துவரின் கையை வெட்ட வேண்டும் என்றும் அதுவே விதித்தது. அங்கே குறிப்பிடப்படுவது கண்புரைச் சிகிச்சைதானா, கண்ணருகே தோன்றிய கட்டியைக் கீறுவதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் சுருளில் கண் நோய்களுக்கெனத் தனிப் பகுதியே இருக்கிறது. செம்புக் கனிமங்களையும் தேனையும் கலந்த மருந்துகளும், உள்நோக்கி மடங்கிக் கருவிழியை (கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளி ஊடுருவும் படலத்தை) உரசும் இமை முடிகளைப் பிடுங்கும் முறையும் அதில் உள்ளன. இமை முடி உள்நோக்கி வளர்வது டிராக்கோமா என்னும் தொற்றின் முற்றிய விளைவாகப் பின்னாளில் அறியப்பட்டது.

கண்புரைக்கான அறுவை முறையை முதன்முதலில் விரிவாகச் சொல்வது பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை. அதன் காலத்தைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு என்றாலும், உத்தர தந்திரம் என்னும் அதன் இறுதிப் பகுதி 76 கண் நோய்களை வகைப்படுத்துவதும், அவற்றுள் ஒன்றுக்கான ஊசிச் சிகிச்சையை ஒரு பயிற்சியாளருக்குச் சொல்வதுபோல் விளக்குவதும் இன்றைக்கும் வியப்பளிக்கின்றன. நோயாளி தன் மூக்கை நோக்கிப் பார்வையை நிறுத்த வேண்டும். மருத்துவர் இடக்கண்ணுக்கு வலக்கையாலும் வலக்கண்ணுக்கு இடக்கையாலும் ஊசியைப் பிடித்து, வெள்ளைவிழியில் இரத்தக் குழாய்களைத் தவிர்த்து, கடைக்கண் பக்கமாகச் செலுத்த வேண்டும். ஒரு சிறு ஓசையும் நீர்த்துளியும் வெளிப்பட்டால் ஊசி சரியான இடத்தில் இறங்கியிருக்கிறது என்று பொருள். பிறகு கண்ணைத் தாய்ப்பாலால் நனைத்து, நெய் தடவிக் கட்டுப் போட்டு, நோயாளியை மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். தும்மல், இருமல், ஏப்பம், துப்புதல் ஆகியவற்றை அவர் அடக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி அறிவுரை மிகக் கூர்மையானது. துளையிடப்பட்ட கண்ணில் அழுத்தம் திடீரென உயர்ந்தால் என்ன நேரும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள்தான் அப்படி எழுதியிருக்க முடியும்.

இந்த முறையில் புரை வெளியே எடுக்கப்படுவதில்லை. ஊசியின் முனை, மங்கிப்போன லென்ஸைப் பிடித்திருக்கும் நுண்ணிழைகளை அறுத்து, கண்பாவைக்கு நேரே இருந்த அதைக் கண்ணின் பின்னறையில் கீழே தள்ளிவிடுகிறது. ஒளி செல்லும் வழி திறந்துவிடுவதால் நோயாளிக்கு அந்த நொடியிலேயே மங்கலாகவேனும் உருவங்கள் தெரியத் தொடங்கும். தள்ளப்பட்ட லென்ஸ் உள்ளேயே கிடந்து அழற்சியை உண்டாக்குவதும், கண்ணின் அழுத்தம் ஏறுவதும், ஊசி வழியே தொற்று புகுந்து கண்ணே அழிவதும் பிறகு வரும். அதற்குள் மருத்துவர் ஊரைக் கடந்திருப்பார் என்று சொல்லும் அளவுக்கு நாடோடி மருத்துவர்கள் பிற்கால ஐரோப்பாவில் இந்தச் சிகிச்சையைத் தொழிலாக்கினர். இம்முறை சீனாவுக்கும் பரவியது. இந்திய மருத்துவ மரபின் துணையோடு அங்கே அது பொன்னூசிச் சிகிச்சை என்று பெயர் பெற்றது. தாங் பேரரசின் காலத்துக் கவிஞர் லியூ யூஷி, தன் கண்ணைக் குணப்படுத்த வேண்டி ஒரு பிராமணத் துறவிக்குக் கவிதையே எழுதியிருக்கிறார்.

உரோமானியரான செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் இதே சிகிச்சையை இலத்தீனில் விவரித்தார். அவருடைய விளக்கத்தில்தான் அடுத்த பல நூற்றாண்டுகளுக்கு நிலைத்த தவறு தெளிவாகத் தெரிகிறது. கண்பாவைக்கும் லென்ஸுக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருப்பதாகவும், தலையிலிருந்து வடியும் ஒருவகை நீர் அங்கே தேங்கி இறுகுவதே கண்புரை என்றும், ஊசி தள்ளுவது அந்த இறுகிய நீரைத்தான் என்றும் அவர் நம்பினார். அடுத்த நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் கேலன், பார்வை உணரப்படும் இடமே லென்ஸ்தான் என்று உறுதியாகச் சொன்னார். இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. பார்வையின் இருப்பிடம் லென்ஸ் என்றால், அதை இடம்பெயர்த்தவுடன் நோயாளி முற்றிலும் குருடாக வேண்டும். ஊசிச் சிகிச்சைக்குப் பிறகு அவருக்குப் பார்வை வருகிறது. ஆகவே தள்ளப்பட்டது லென்ஸாக இருக்க முடியாது. தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. அறுவையின் வெற்றியே தவறான கொள்கைக்குச் சான்றாக நின்றதால், அதைச் சந்தேகிக்க வேண்டிய தேவை எந்த மருத்துவருக்கும் எழவில்லை.

அரபு மொழி மருத்துவர்கள் கேலனின் சட்டகத்துக்குள் இருந்துகொண்டே கண் மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தனர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கண் உடற்கூற்றுப் படங்கள் அந்நூலின் கையெழுத்துப் படிகளில்தான் உள்ளன. அவற்றில் லென்ஸ் கண்ணின் நட்டநடுவே வரையப்பட்டிருக்கிறது. உண்மையில் அது கண்பாவைக்குச் சற்றே பின்னால், முன்பக்கத்தில் அமைந்த உறுப்பு. 1000ஆவது ஆண்டை ஒட்டிய காலத்தில் மொசூலிலிருந்து எகிப்துக்குச் சென்ற அம்மார் இப்னு அலீ, உள்ளீடற்ற உலோக ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தி மென்மையான புரையை உறிஞ்சி எடுத்ததாக எழுதினார். அவருடைய சமகாலத்தவரான இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருள்களைத் தொடுகின்றன என்ற பழைய கருத்தை மறுத்து, பொருள்களிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். அவ்வளவு தூரம் வந்த அவரும் லென்ஸே அந்த ஒளியை உணர்கிறது என்ற இடத்தில் நின்றுவிட்டார்.

அந்த முடிச்சு அவிழ்ந்ததில் அறுவை மருத்துவர்களுக்கு அநேகமாகப் பங்கே இல்லை. 1583இல் பாசல் நகரத்து மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர், ஒளியை உணர்வது கண்ணின் பின்சுவரில் உள்ள விழித்திரை என்றும், லென்ஸ் ஒளியைச் செலுத்தும் கண்ணாடி மட்டுமே என்றும் எழுதினார். அதே 1583இல் டிரெஸ்டன் நகரில் கியோர்க் பார்ட்டிஷ் கண் நோய்களைப் பற்றி முழுவதும் ஜெர்மன் மொழியில், ஏராளமான மரச்செதுக்குப் படங்களோடு ஒரு பெரிய நூலை வெளியிட்டார். கை தேர்ந்த அறுவை மருத்துவரான அவர், சில கண் நோய்களுக்குச் சூனியம் காரணம் என்றும் நம்பினார். ஒரே ஆண்டில் வந்த இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்தால், கையின் தேர்ச்சியும் கண்ணைப் பற்றிய அறிவும் எவ்வளவு தனித்தனியே நடைபோட்டன என்பது விளங்கும். 1604இல் வானியலாளர் கெப்லர், லென்ஸ் ஒளியைக் குவித்து விழித்திரையில் தலைகீழான பிம்பத்தை உண்டாக்குகிறது என்பதைக் கணித முறையில் காட்டினார். சிறு வயதில் வந்த பெரியம்மையால் அவருடைய பார்வையே பழுதுபட்டிருந்தது. பின்னர் கிறிஸ்டோஃப் ஷைனர், விலங்குகளின் கண்ணில் பின்சுவரை நீக்கி அந்தப் பிம்பத்தை நேரடியாகவே காட்டினார்.

லென்ஸ் பார்வையின் அரியணையிலிருந்து இறங்கிய பிறகுதான், கண்புரை என்பது லென்ஸேதான் என்று சொல்லும் துணிவு பிறந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பாரீஸிலும் ஜெர்மனியிலும் சிலர் அதைச் சொன்னார்கள், யாரும் செவிசாய்க்கவில்லை. 1705இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் பிரிஸ்ஸோ, கண்புரையோடு இறந்த ஒரு படைவீரரின் கண்ணில் வழக்கமான ஊசிச் சிகிச்சையைச் செய்து, பிறகு கண்ணைப் பிளந்து பார்த்தார். கீழே தள்ளப்பட்டுக் கிடந்தது இறுகிய நீர் அன்று; மங்கிப்போன லென்ஸ். பாரீஸ் அறிவியல் கழகம் இதை முதலில் ஏற்கவில்லை. அந்துவான் மேத்ர் ஜான் தாமாகவே அதே முடிவுக்கு வந்து 1707இல் நூலாக வெளியிட்டார். மேலும் சில கண்கள் ஆராயப்பட்ட பின்னரே எதிர்ப்பு அடங்கியது.

கொள்கை மாறிய நாற்பது ஆண்டுகளில் அறுவையும் மாறியது. 1747 ஏப்ரலில் பிரெஞ்சு மருத்துவர் ழாக் தாவியேல் ஒரு நோயாளிக்கு ஊசிச் சிகிச்சை செய்ய முயன்று, அது பலிக்காமல் போகவே, கருவிழியின் கீழ் விளிம்பைக் கீறித் திறந்து, புரை படிந்த லென்ஸை வெளியே எடுத்துவிட்டார். பிறகு அதையே திட்டமிட்ட முறையாக வளர்த்து 1752இல் பாரீஸ் அறுவை மருத்துவக் கழகத்துக்கு அறிக்கை அளித்தார். மயக்க மருந்து கிடையாது, தையல் கிடையாது, கிருமிகளைப் பற்றிய அறிவும் கிடையாது. கீறல் தானாக மூடிக்கொள்ளும் வரை நோயாளி தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருக்க வேண்டும். இவ்வளவு இடர்கள் இருந்ததால் பல மருத்துவர்கள் இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு ஊசியையே நம்பினர் என்பதில் வியப்பில்லை. ஊசியின் இடர்களும் குறைந்தவை அல்ல. ஐரோப்பாவில் தேர் பூட்டி ஊர் ஊராகச் சுற்றிய ஜான் டெய்லர் 1750இல் இசைமேதை பாஹின் கண்ணில் இரண்டு முறை ஊசி ஏற்றினார்; பார்வை திரும்பவில்லை, பாஹ் அதே ஆண்டு ஜூலையில் இறந்தார். பின்னர் ஹாண்டெலும் டெய்லரிடம் சென்றார்; பயனில்லை.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து தெரியும் நோயைப் பற்றியது. கண்பாவையில் வெள்ளையாகத் தெரிவதால்தான் கண்புரைக்கு இவ்வளவு பழைய வரலாறு இருக்கிறது. விழித்திரையிலும் பார்வை நரம்பிலும் வரும் நோய்களோ, கண்பாவை கருமையாகவும் தெளிவாகவும் இருக்க, பார்வை மட்டும் போய்விடும் புதிர்களாக இருந்தன. நோயாளிக்கும் ஒன்றும் தெரிவதில்லை, மருத்துவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை என்று மருத்துவர்களே அதைக் கேலி செய்தார்கள். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 டிசம்பரில் பெர்லினில் அறிவித்த கண்நோக்கி இந்த இருளை நீக்கியது. அவர் மருத்துவம் பயின்றவர், ஆனால் கண் மருத்துவர் அல்லர். மாணவர்களுக்கு ஒளியியல் விளக்குவதற்கு ஆயத்தம் செய்கையில், கண்பாவை ஏன் கறுப்பாகத் தெரிகிறது என்ற கேள்வியில் அவர் நின்றார். கண்ணுக்குள் புகும் ஒளி வந்த வழியே திரும்புகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் பார்ப்பவரின் கண்ணும் விளக்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பார்ப்பவரின் தலையோ விளக்கை மறைத்துவிடும். மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக வைத்து, அவற்றால் ஒளியைக் கண்ணுக்குள் திருப்பிவிட்டு, அவற்றின் ஊடாகவே தாமும் பார்த்தார். உயிருள்ள மனிதரின் விழித்திரையும், அதன் இரத்தக் குழாய்களும், பார்வை நரம்பின் முனையும் அப்போது தெரிந்தன.

பெர்லினில் இருந்த இளம் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபொன் கிரேஃபே அந்தக் கருவியின் மதிப்பை உடனே உணர்ந்தார். கண்ணின் அழுத்தத்தோடு தொடர்புடைய கிளாக்கோமா நோயில் பார்வை நரம்பின் முனை குழிந்துபோவதை அவர் கண்டறிந்தார். 1857இல், கண்பாவையைச் சூழ்ந்த நிற வளையமான ஐரிஸின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினால் திடீரென வரும் வகைக் கிளாக்கோமாவில் அழுத்தம் இறங்குகிறது என்று அறிவித்தார். அதுவரை வலியோடு குருடாவதைத் தவிர வேறு வழியற்றிருந்த ஒரு நோய்க்குக் கிடைத்த முதல் உண்மையான சிகிச்சை அது. 1870இல் அவர் இறந்தபோது அவருக்கு வயது 42.

வலியின் சிக்கல் 1884இல் தீர்ந்தது. ஈத்தரும் குளோரோஃபார்மும் 1840களிலேயே வந்துவிட்டன என்றாலும் கண் மருத்துவர்கள் அவற்றைத் தயக்கத்தோடுதான் பார்த்தனர். மயக்கம் தெளியும்போது நோயாளி குமட்டி வாந்தி எடுப்பார். தையலில்லாத கண் திறந்துகொள்ளும். வியன்னாவில் பயிற்சி மருத்துவராக இருந்த கார்ல் கோலர், கோக்கெய்ன் நாக்கை மரத்துப்போகச் செய்வதைக் கவனித்து, அதன் கரைசலைத் தவளையின் கண்ணிலும், பிறகு தம் கண்ணிலும் விட்டு, குண்டூசித் தலையால் தொட்டுப் பார்த்தார். எதுவும் உணரப்படவில்லை. 1884 செப்டம்பரில் ஹைடல்பெர்க் மாநாட்டில் இந்தச் செய்தி வாசிக்கப்பட்டபோது கோலர் அங்கே இல்லை. பயணச் செலவுக்கு அவரிடம் பணம் இருக்கவில்லை. அவர் சார்பில் வேறொருவர் வாசித்தார். சில துளிகளால் ஓர் உறுப்பை மட்டும் உணர்விழக்கச் செய்யலாம் என்ற கருத்து மருத்துவத்தின் எல்லாத் துறைகளுக்கும் இங்கிருந்துதான் சென்றது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் லைப்சிக் நகரத்து மகப்பேற்று மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் துளி விடும் எளிய வழியால், பிறப்பின்போது தொற்றும் கண் அழற்சியைப் பத்து சதவீதத்துக்கும் மேலிருந்து ஒரு சதவீதத்துக்கும் கீழே இறக்கினார். எத்தனை பேரின் பார்வை காக்கப்பட்டது என்று கணக்கிட்டால், இந்தத் துளிக்கு ஈடாகச் சொல்லத்தக்க அறுவைகள் மிகக் குறைவு.

லென்ஸை எடுத்துவிடலாம் என்பது நிலைபெற்ற பிறகும் ஒரு பெருங்குறை எஞ்சியிருந்தது. லென்ஸ் இல்லாத கண்ணுக்கு +10 அல்லது அதற்கும் மேற்பட்ட பவரில் தடித்த மூக்குக் கண்ணாடி வேண்டும். அது பொருள்களை ஏறத்தாழ கால்பங்கு பெரிதாக்கிக் காட்டும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் இரு கண்களின் பிம்பங்களும் ஒன்றுசேரா. இயற்கை லென்ஸ் ஒரு வில்லை மட்டுமே என்று கெப்லர் காட்டி 300 ஆண்டுகளுக்கு மேலாகியும், அதன் இடத்தில் செயற்கை வில்லையை வைப்பது நடைமுறையாகவில்லை. கண்ணுக்குள் அயல்பொருள் கூடாது என்பது மருத்துவர்களின் அடிப்படைப் பாடமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில், உடைந்த விமான மேல்மூடியின் அக்ரிலிக் துகள்கள் கண்ணில் தைத்த விமானிகளை லண்டன் மருத்துவர் ஹாரால்ட் ரிட்லி கவனித்தார். அத்துகள்கள் ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குள் தங்கியும் அழற்சியை உண்டாக்கவில்லை. அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவ மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறொன்றை வைக்க மாட்டீர்களா என்று கேட்டது ரிட்லியை மேலும் தூண்டியது. 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். 1950 பிப்ரவரியில் அக்ரிலிக் லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்டது. வளைவு மிகையாக அமைந்ததால் முதல் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்தது. ஆனாலும் கொள்கை சரி என்பது தெளிவாகிவிட்டது.

1951இல் அவர் அதை வெளியிட்டபோது கிடைத்த வரவேற்பு கசப்பானது. அந்நாளில் பெருஞ்செல்வாக்குடன் இருந்த பிரிட்டிஷ் கண் மருத்துவர் ஸ்டூவர்ட் டியூக் எல்டர் உட்படப் பலர் எதிர்த்தனர். எதிர்ப்பு முழுவதும் பொறாமை என்று இன்று எழுதப்படுவதுண்டு, அது நியாயமன்று. தொடக்கக் கால லென்ஸ்கள் நழுவின, அழற்சியும் அழுத்தமும் சில கண்களைக் கெடுத்தன. அமெரிக்க அரசின் முறையான ஒப்புதல் 1981இல்தான் வந்தது. ரிட்லிக்குப் பிற்காலத்தில் கண்புரை வந்தபோது, அவர் கண்களிலும் செயற்கை லென்ஸே வைக்கப்பட்டது.

இதற்கிடையே அமெரிக்கரான சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் தம் பற்களை அல்ட்ராசவுண்ட் கருவியால் சுத்தம் செய்ததிலிருந்து, அதே அதிர்வால் புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சலாம் என்ற எண்ணத்தைப் பெற்று, 1967இல் அதை மனிதக் கண்ணில் செய்தார். அம்மாரின் உறிஞ்சும் ஊசியும் கெல்மனின் ஊசியும் நோக்கத்தில் ஒன்றே. மடித்து உள்ளே செலுத்தத்தக்க லென்ஸ்கள் 1980களில் வந்து சேர்ந்ததும், பத்து மில்லிமீட்டருக்கு மேலிருந்த கீறல் இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கி, தையலே பெரும்பாலும் தேவைப்படாமல் போனது.

கண்ணின் மற்றப் பகுதிகளும் 20ஆம் நூற்றாண்டில் அறுவைக்கு வசப்பட்டன. எட்வர்ட் சிர்ம் 1905 டிசம்பரில் ஒலோமவுட்ஸ் நகரில், சுண்ணாம்பால் வெந்த கண்ணில் இன்னொருவரின் கருவிழியைப் பொருத்தி வெற்றி கண்டார். கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லாததால் உடலின் எதிர்ப்பு அங்கே குறைவு. விழித்திரை பிரிந்துவிடுவதற்கு அதில் விழும் கிழிசலே காரணம் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் ஜூல் கோனன் 1920களில் நிறுவி, அக்கிழிசலைச் சுட்டு அடைத்தார்; அதற்கு முன் அந்நோய் வந்த கண் ஏறக்குறைய இழந்த கண்தான். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களின் விழித்திரையில் விழுந்த தழும்பைக் கண்டு, ஒளியாலேயே சிகிச்சை செய்யலாம் என்று ஜெர்மானியரான மேயர் ஷ்விக்கராத் 1940களில் நினைத்தார். லேசர் அதற்குப் பின்னர் வந்து சேர்ந்தது. மூக்குக் கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியைச் செதுக்கும் லேசர் சிகிச்சை இன்று மிகப் புகழ்பெற்றது. வரலாற்றின் அளவுகோலில் அது ஒரு கிளைக்கதை.

கண்புரை இன்னமும் உலகில் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாக இருக்கிறது. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் ஊசியால் லென்ஸைத் தள்ளும் பழைய முறையும் வழக்கில் உள்ளது. அறிவு இல்லாததால் அன்று. அறுவை செய்வோரும் வசதியும் எட்டாததால். மறுபுறம், பிளாட்டரும் கெப்லரும் பார்வையின் உண்மையான இருப்பிடம் என்று காட்டிய விழித்திரையும், அதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பும், லென்ஸைப்போல மாற்றிவைக்க இயலாதவையாகவே இருக்கின்றன. கிளாக்கோமாவில் அழிந்த நரம்பிழைகளை எந்தச் சிகிச்சையும் மீட்பதில்லை. அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சியிருப்பதைக் காப்பதே இயலும். ஆர்.பி.இ.65 என்னும் மரபணுவின் பழுதால் பார்வை குன்றியவர்களின் விழித்திரைக்குள் நல்ல மரபணுவைச் செலுத்தும் சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது; அது ஒரு மிக அரிய நோய்க்கு மட்டுமே உரியது. 2023 மே மாதம் நியூயார்க்கில் ஒருவருக்கு முகத்தின் ஒரு பகுதியோடு ஒரு முழுக் கண்ணும் மாற்றிப் பொருத்தப்பட்டது. அந்தக் கண் உயிரோடு இருக்கிறது, விழித்திரைக்கு இரத்தமும் பாய்கிறது. ஆனால் வெட்டப்பட்ட பார்வை நரம்பின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளை மூளையோடு மீண்டும் இணைக்கும் வழி இன்னும் கண்டறியப்படாததால், அந்தக் கண்ணுக்குப் பார்வை வரவில்லை.